சாம்பல் ஒட்டிய பலூன்

அத்தியாயம் 3

முதல் இரண்டு அத்தியாயங்களை பஸ் சீட்டிலேயே மறந்துவிட்டு இறங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். நடந்ததை வீரபாகுவாகிய நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் பொன்னம்மாள் பட்டு மாளிகை என்று ஒரு கடை. முதலாளி பொன்னம்மாள். அவருடைய ஒரே மகன் ஹேமநாத். அவன் காதலிக்கும் பெண் போளூர் துர்கா. துர்காவின் அப்பா இளஞ்செழியன், ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். மீசை மட்டுமே கால் கிலோ இருக்கும். அவரைச் சம்மதிக்க வைக்க இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஒருவழியாகத் தட்டும் மாற்றியாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்கப் பெண் வீட்டார் கடைக்கு வந்தார்கள். அப்போது அழைக்காமல் ஒரு ஜோக்கர் உள்ளே நுழைந்தான். வெள்ளை முகம், சிவப்பு மூக்கு, காதிலிருந்து காது வரைக்கும் வரைந்த சிரிப்பு. மாப்பிள்ளை ஹேமநாத் "அம்மா!" என்று அலறி, ஒரு அலமாரிப் புடவையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி, ஸ்டாக் ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கடையே சிரித்தது. அந்த அமளியில் ஜோக்கர் போன இடம் தெரியவில்லை.

மாஸ்டர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒரு ஜோக்கரைப் பார்த்து ஓடறவன் என் பொண்ணை எப்படிக் காப்பாத்துவான்? பத்திரிகை அடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணிடலாம். புதன்கிழமை நாலு மணிக்கு வந்து தட்டைத் திருப்பிக் குடுத்துடறேன்."

இன்று புதன்கிழமை. மணி பதினொன்று. இனிமேல் தைரியமாகப் படிக்கலாம்.

*

"ஜோக்கரை அனுப்பினது ரஞ்சித்குமார்தான் மேடம், சந்தேகமே வேணாம்," என்றான் ஹேமநாத். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். "துர்காவோட மாமா பையன். அவளைக் கட்டிக்கணும்னு இருந்தவன்."

பரிமளா அக்கா கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நெசவாளர் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் புடவையில் குறை கண்டுபிடித்த கண்கள் அவை. இப்போது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்து மனிதர்களிடம் குறை கண்டுபிடிக்கிறார். எனக்கு அங்கே உதவியாளர் வேலை. ஆறடி இரண்டங்குலம், தொண்ணூற்றாறு கிலோ. முன்பு போளூர் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன்.

"உங்களுக்கு ஜோக்கர்னா பயம்னு ரஞ்சித்குமாருக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டார்.

"அது... துர்காவுக்கே தெரியாது மேடம்."

"அப்போ அவருக்கு எப்படித் தெரியும்?"

ரஞ்சித்குமார் அந்த இடத்திலேயே விடுதலையானார். பாவம், அவர் கைதானது அவருக்கே தெரியாது.

"எனக்கு ஏன்தான் இப்படின்னு தெரியல மேடம்," என்றான் ஹேமநாத். "பாம்புன்னா பயம் இல்ல. போன வருஷம் குடோன்ல சாரைப்பாம்பை நான்தான் பிடிச்சேன். இது மட்டும்... வெக்கமா இருக்குது."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தேன். ஜோக்கர் என்றால் எனக்கும் பயம். அக்காவிடம் சொன்னதில்லை. என் விசிட்டிங் கார்டில் 'வீரபாகு, களப்பணி' என்று போட்டிருக்கிறது. களத்தில் ஜோக்கர் வந்தால் நான் விடுப்பு என்று போடவா முடியும்?

பொன்னம்மாள் உள்ளே இருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தபடியே தள்ளிக்கொண்டு வந்தார். வாளியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம், நாலு மிளகாய்.

"தொடாதீங்க. தூரமா நின்னு பாருங்க," என்று வாளியைத் தூக்கினார்.

உள்ளே ஒரு பலூன் நாய். நீளமான பலூனை முறுக்கி முறுக்கிச் செய்வார்களே, அதுதான். மூன்று நாளில் காற்று இறங்கி, கிழட்டு நாயாகிவிட்டிருந்தது. முறுக்கிய இடங்களில் எல்லாம் சாம்பல் நிறத்தில் விரல் தடங்கள்.

"ஜோக்கர் விட்டுட்டுப் போனது. சுடுகாட்டுச் சாம்பல்! யாரோ என் பிள்ளைக்குச் சூனியம் வெச்சிட்டாங்க. தேசூர்ல குறி சொல்றவரு ஒருத்தருக்கு போன் பண்ணிக் கேட்டேன். பார்க்காமயே சொல்லிட்டாரு."

"பார்க்காம சொல்றதுதானே அம்மா அவரு தொழிலே," என்றேன்.

அக்கா என்னை முறைத்துவிட்டு, பலூனைச் சர்வ சாதாரணமாகக் கையில் எடுத்தார். பொன்னம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், பிறகு மெதுவாகத் திரும்பிக் கடையின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு குழித்தறி இருந்தது. வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்று கடைக்குள்ளேயே குழி வெட்டிப் போட்ட நிஜத் தறி. நெசவாளி தரையளவில் பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். வெளியே ரோட்டில் போகிறவர்களுக்கும் தறி நன்றாகத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை ஜோக்கர் வந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

ஹேமநாத்தின் காது சிவந்தது. "தறியில உட்கார்ந்திருந்தேன்."

"நெய்யத் தெரியுமா?"

"விக்கத் தெரியும். துர்கா பார்த்துகினு இருந்தா. மாஸ்டரும் இருந்தாரு. நெசவுக் குடும்பம்னு பேரு, ஒரு தடவையாவது குறுக்கு நூல் ஓட்டற நாடாவைத் தள்ளிக் காட்டலாம்னு... மிதியை மாத்தி மிதிச்சிட்டேன். பாவுல இழை அறுந்துடுச்சு."

"எத்தனை?"

"நாலு. பட்பட்னு சத்தம் கேட்டுச்சு. யாருக்கும் தெரியாம கையால மூடிகினேன். அப்போதான் பின்னாடி இருந்து ரெண்டு கை என் தோள் மேல வந்தது. நிமிர்ந்து பார்த்தா..." அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்கும்.

"அதுக்கப்புறம் இந்தத் தறியை யார் தொட்டாங்க?"

"யாரும் தொடல," என்றார் பொன்னம்மாள். "சூனியம் கழிக்கிற வரைக்கும் வேணாம்னு தறிக்காரரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

அக்கா தறிக்கு அருகில் மண்டியிட்டார். பையிலிருந்து நூல் எண்ணும் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீளவாக்கில் விரித்துக் கட்டிய பாவு நூலின் மேல் ஒரு எறும்பு போல நகர்ந்தார். ஐந்து நிமிடம். பொன்னம்மாள் அந்த நேரத்தில் எலுமிச்சம்பழத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். என் உடம்பைப் பார்த்து எதையோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"தம்பி, அறுந்த இழை எங்க?"

ஹேமநாத் குனிந்து பார்த்தான். "இங்கதான்... இந்தப் பக்கம்..." மறுபடியும் பார்த்தான். "காணோம் மேடம்!"

"ஒரு இழைகூட அறுந்து கிடக்கல. நாலு இடத்துல புதுசாப் பிணைச்சிருக்குது. பிணைச்ச இடத்துல சாம்பல் இருக்குது." அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "வீரபாகு, நம்ம ஜோக்கர் சூனியம் வைக்கல, கல்யாணத்தைக் கெடுக்க வரல. உள்ள வந்து, நாலு இழையைப் பிணைச்சிட்டுப் போயிருக்கான்."

"கூலி வாங்காமயா?"

"கூலி வாங்காம."

"அப்போ பேய்தான் அக்கா. பொன்னம்மாள் அம்மா சொன்னதுதான் சரி."

தெரியாதவர்களுக்கு: தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை நுனியையும் புது இழை நுனியையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில். பட்டு வழுக்கும். அதனால் விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு முறுக்குவார்கள். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த விரலுக்குச் சாம்பல் இல்லாமல் எதையும் முறுக்க வராது, பலூனாக இருந்தாலும்.

பொன்னம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா பட்டு விக்கிறேன். பாவுச் சாம்பலைப் பார்த்து சுடுகாட்டுச் சாம்பல்னு சொல்லிட்டேனே!"

"எல்லாரும் வலப்பக்கமா முறுக்குவாங்க," என்றார் அக்கா. "இது இடப்பக்க முறுக்கு. நாலு புதுசு மட்டும் இல்ல, இந்தப் பாவு முழுக்கவே இடப்பக்கம். இதைப் பிணைச்சது யாரு?"

"கந்தசாமி. பத்து நாள் முன்னாடி வந்தாரு. நொட்டாங்கைக்காரரு."

"ஜோக்கர் கிடைச்சாச்சு," என்றார் அக்கா.

கிளம்புவதற்கு முன், விற்பனைப் பெண் ஸ்வர்ணலதா அன்றைக்குத் தன் போனில் எடுத்த வீடியோவை அக்கா வாங்கிப் பார்த்தார். இருபது விநாடி. ஹேமநாத் அலறுகிறான், புடவைகள் சரிகின்றன, சிரிப்பு. கூட்டத்தில் மாஸ்டரின் சிரிப்புத்தான் முதலில் கேட்கிறது, அதுதான் பெரியதும்கூட. அக்கா அதை நான்கு முறை பார்த்தார்.

"மாஸ்டர் கையில ஒரு புடவை இருக்குதே. அதை வாங்கினாரா?"

"இல்ல மேடம்," என்றாள் ஸ்வர்ணலதா. "ஜோக்கர் வந்ததுல இருந்து அமளி அடங்கற வரைக்கும் அதையேதான் பார்த்துகினு இருந்தாரு. பார்டர் பிரமாதம்னு சொன்னாரு. அப்புறம் வெச்சிட்டாரு."

"ம்," என்றார் அக்கா. அந்த 'ம்' எனக்குத் தெரியும். சங்கத்தில் அந்த 'ம்' கேட்டால் நெசவாளிகளுக்குச் சாப்பாடு இறங்காதாம்.

*

என் பைக் புறப்பட்டது. பின்னால் அக்கா.

"உனக்கு வர இஷ்டம் இல்லைன்னா தெரு முனையிலேயே நின்னுக்கோ," என்றார்.

"எனக்கென்ன அக்கா? பாவு பிணைக்கிறவரைப் பார்க்க எனக்கென்ன பயம்?"

"நான் பயம்னு சொல்லவே இல்லையே."

நான் ஹாரன் அடித்தேன். எதிரில் யாரும் இல்லை.

"ரெண்டு வருஷமா கடைத் திறப்பு விழா இருக்கிற தெருவையெல்லாம் சுத்திகினு போற," என்றார். "வாசல்ல பொம்மை வேஷம், ஜோக்கர் வேஷம் நிக்கும்னு. பெட்ரோல் பில் எங்கிட்டதானே வருது."

இந்தப் பெண்மணியிடம் வேலை பார்ப்பதும் எக்ஸ்ரே மெஷினுக்குள் குடித்தனம் நடத்துவதும் ஒன்றுதான்.

கந்தசாமி வீட்டு வாசலில் ஒரு டி.வி.எஸ். ஐம்பது நின்றது. ஹேண்டில் பாரில் பலூன் பம்ப் தொங்கியது. அக்கா என்னைப் பார்த்து, "தட்டு," என்றார்.

தட்டினேன். கதவு திறந்தது.

திறந்த முகத்தில் வலது பாதி ஐம்பது வயது மனிதர். இடது பாதி ஜோக்கர்.

அதன் பிறகு நான் எப்படி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன் என்பது ஆய்வுக்குரியது. கேட்டால் சுற்றுப்புறத்தைக் கண்காணித்தேன் என்று சொல்வேன். நல்லவேளை, அங்கிருந்தே பேச்சு நன்றாகக் கேட்டது.

"பயந்துட்டாரா?" என்றார் கந்தசாமி வருத்தமாக. "அரை மூஞ்சியோட வந்தது தப்புதான். இன்னிக்கு ஒரு பொறந்தநாள் இருக்குதும்மா."

"ஞாயித்துக்கிழமையும் பொறந்தநாளா?"

கந்தசாமி பாதிச் சிரிப்பு வரைந்த வாயோடு அழுகிற குரலில் சொன்னார். "பெரிய தப்பு நடந்து போச்சுமா. ஒரு பொறந்தநாளை முடிச்சிட்டு வண்டியில வந்துகினு இருந்தேன். ஒரே டிராஃபிக். கண்ணாடி வழியா பார்க்கிறேன், முதலாளி பையன் என் பாவு மேல குதிச்சிகினு இருக்கான். பட்பட்னு அறுக்கிறான்! மூணு நாள் கண்ணு வலிக்கப் பிணைச்ச பாவு அது. மனசு கேக்குமா? மூஞ்சியில வேஷம் இருக்கிறதே மறந்துட்டேன். ஜல்தியா உள்ள ஓடினேன். அவரு கத்தினாரு, எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தாங்க. நான் பாக்கெட்ல இருந்த சாம்பலைத் தொட்டு நாலு இழையையும் பிணைச்சிட்டு, கையில இருந்த பலூன் நாயை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். கல்யாணம் நின்னு போவுதுன்னு முந்தாநாள்தான் கேள்விப்பட்டேன். போய்ச் சொல்ல தைரியம் வரல."

"அவரு ஏன் கத்தினாருன்னு நினைக்கிறீங்க?"

"அதை என்கிட்ட கேளுங்க. பதினாலு வருஷமா பார்த்துகினு இருக்கிறேன்." கந்தசாமி வாசற்படியில் உட்கார்ந்தார். "மனுஷன் கோவமா இருந்தா மூஞ்சியில தெரியும், ஒதுங்கிக்கலாம். சந்தோஷமா இருந்தா தெரியும், கிட்ட போவலாம். இந்த மூஞ்சி எப்பவும் சிரிச்சிகினே இருக்குது. உள்ள இருக்கிறவன் கொஞ்ச வர்றானா, அடிக்க வர்றானா? குழந்தை அதைத்தான் தேடுது. கிடைக்கலைன்னா வீல்னு கத்துது. பெரியவங்களும் அப்படித்தான். வெளிய சொல்ல மாட்டாங்க."

தொட்டிக்குப் பின்னால் நான் தலையாட்டினேன். என் நாற்பது வயதில் இதை யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை.

"அதனாலதான் இப்பல்லாம் வெறும் மூஞ்சியோட போறேன். குழந்தைங்க எதிர்லயே உட்கார்ந்து ஒண்ணொண்ணா பூசிக்கிறேன். மூக்கை அதுங்க கையிலயே குடுத்து மாட்டச் சொல்றேன். உள்ள இருக்கிறது யாருன்னு தெரிஞ்சிட்டா அழுவறதில்ல. இன்னிக்கு போற வீடு தூரம், அதான் பாதியைப் பூசிக்கிட்டேன்."

"மீதியைப் பூசாதீங்க. இருக்கிறதையும் கழுவிட்டு நாலு மணிக்குக் கடைக்கு வாங்க, மை டப்பாவோட."

"வரேன்மா. பொறந்தநாளுக்கு வேற ஆளை அனுப்பிடறேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு. அன்னிக்கு அங்க பயந்தவங்க ரெண்டு பேரு. ஒருத்தர் கத்தினாரு. இன்னொருத்தர் கத்தல."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"அதைச் சொல்ல மாட்டேன். எங்க தொழில்ல அது கூடாது."

"சொல்ல வேணாம்," என்றார் அக்கா. "அவரு புடவையைத் திருப்பிப் பிடிச்சிருந்தாரு."

*

நாலு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது மாஸ்டர் வந்தார். கையில் வெள்ளித் தட்டு, நிச்சயத்தன்று மாற்றிக்கொண்ட அதே தட்டு. பின்னால் துர்கா. அழுது வீங்கிய கண்கள், ஆனால் நிமிர்ந்த தலை. அவள் அப்பாவின் பக்கம் நிற்காமல் நேராகப் போய் ஹேமநாத்தின் பக்கத்தில் நின்றாள்.

"பேச்சு வேணாம்," என்றார் மாஸ்டர். "சம்பந்தி அம்மா, தட்டை வாங்கிக்கோங்க. பயந்தாங்கொள்ளிக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

"அப்பா, அவருக்கு ஒண்ணைப் பார்த்தா பயம். உங்களுக்கு ஒண்ணுமே பயம் இல்லியா?"

"எனக்கா?" மாஸ்டர் மீசையைத் தொட்டார். "முப்பத்தி மூணு வருஷம் கிரவுண்டுல நின்னவன். எனக்கு என்ன பயம்?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்," என்றார் பரிமளா அக்கா. "ஞாயித்துக்கிழமை வந்தவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கந்தசாமி உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெறும் முகம், கையில் ஒரு தகர டப்பா. ஹேமநாத்தை உட்காரவைத்து, அவனுக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். நாலு இழைக் கதையைக் கேட்டு பொன்னம்மாள் மகனின் முதுகில் ஒன்று வைத்தார்.

"அண்ணா, நீங்களா அது?" என்றான் ஹேமநாத். "சின்ன வயசுல இருந்து உங்களைப் பார்த்துகினு இருக்கிறேனே!"

"நான்தான் தம்பி. இப்போ பாருங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நிறுத்திடறேன்."

வெள்ளையைக் குழைத்து நெற்றியில் பூசினார். ஹேமநாத்தின் முகத்தில் வியர்வை அரும்பியது. துர்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கன்னம். தாடை. கண்ணைச் சுற்றி நீலம். பிறகு சிவப்பை எடுத்து, வாயிலிருந்து காது வரைக்கும் அந்தச் சிரிப்பை இழுத்தார். ஹேமநாத் துர்காவின் விரல்களை நசுக்கினான். ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை.

"கண்ணைப் பாருங்க தம்பி," என்றார் ஜோக்கர், கந்தசாமியின் குரலில். "கண்ணுக்குள்ள எந்த மையும் கிடையாது." சிவப்பு மூக்கை எடுத்து நீட்டினார். ஹேமநாத் அதை வாங்கி, அவர் மூக்கில் மாட்டினான்.

"பயம் போயிடுச்சா?" என்றாள் துர்கா.

"போவல. ஆனா ஓடணும்னு தோணல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பொன்னம்மாள் வெற்றிக் களிப்போடு திரும்பினார். "பார்த்தீங்களா சம்பந்தி? என் பிள்ளை..."

மாஸ்டரைக் காணவில்லை.

வாசல் வழியாகப் போகவில்லை. போனால் கண்ணாடிக் கதவு மணி அடித்திருக்கும். எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். அக்கா மட்டும் எங்கும் தேடாமல் நேராகத் தறியைப் பார்த்தார்.

குழித்தறிக்குள், தறிக்காரர் உட்காரும் இடத்தில், கால்களைக் குழிக்குள் விட்டுக்கொண்டு ஆறடி உடம்பைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார் போளூர் பி.டி. மாஸ்டர் இளஞ்செழியன். முகத்துக்கு நேராக வெள்ளித் தட்டைக் கேடயம் மாதிரி பிடித்திருந்தார். தட்டுக்குப் பின்னாலிருந்து "முருகா, முருகா" என்று மெல்லிய குரல்.

"ஞாயித்துக்கிழமை," என்றார் அக்கா சன்னமாக, "சார் ஒரு மயில் பார்டர் புடவையை ரொம்ப நேரம் பார்த்தாரு. பார்டர் பிரமாதம்னு சொன்னாரு. வீடியோவுல பார்த்தா அவரு கையில இருந்தது புடவையோட உள் பக்கம். அங்க மயிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஜரிகை இழை குறுக்கும் நெடுக்கும் ஓடும். கண்ணை மூடிகினு இருந்தாதான் அதைப் பிரமாதம்னு சொல்ல முடியும்."

பொன்னம்மாளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஸ்வர்ணலதா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையின் அதே சிரிப்பு எல்லார் தொண்டையிலும் வந்து நின்றது. என்னிடம் மட்டும் ஏழு ஜோக் தயாராக இருந்தது.

"யாரும் சிரிக்காதீங்க."

சொன்னவன் ஹேமநாத். குரலை உயர்த்தவில்லை. ஆனால் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் ஏழு ஜோக்கும் தொண்டைக்குள் இறங்கிப்போய்விட்டன.

அவன் நடந்துபோய்த் தறிக்குழியில் மாஸ்டருக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஆறு வயசு எனக்கு," என்றார் மாஸ்டர், யாரையும் பார்க்காமல். "ஊர்ல கூத்து. கோமாளி கூட்டத்துக்குள்ள வந்து, எங்கப்பா மடியில இருந்த என்னைத் தூக்கிகினு ஓடினான். வேடிக்கைக்குத்தான். நான் கத்தறேன், அவன் மூஞ்சி சிரிக்குது. சரி, அது மை. ஆனா எங்கப்பாவும் சிரிக்கிறாரு. ஊரே சிரிக்குது. என்னைக் காப்பாத்த ஒருத்தனும் எழுந்திருக்கல." மீசை நடுங்கியது. "ஞாயித்துக்கிழமை நீ கத்தினப்போ, அடுத்தது நான்னு பயந்துட்டேன். அதான் எல்லாருக்கும் முன்னாடி நான் சிரிச்சேன். தப்பு பண்ணிட்டேன் தம்பி."

துர்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏம்பா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பி.டி. மாஸ்டர் எப்படிமா சொல்லுவான்?"

"கல்யாணத்துல ஜோக்கர் வைக்க மாட்டோம் மாமா," என்றான் ஹேமநாத். "நம்ம ரெண்டு பேருக்குமே ஆவாது."

மாஸ்டர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுக்க வந்தது நினைவுக்கு வந்தது போலிருந்தது. "சம்பந்தி, பத்திரிகை அடிக்கச் சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு, எழுந்திருப்பதற்காகக் காலை ஊன்றினார்.

ஊன்றிய இடம் மிதிக்கட்டை.

பட். பட். பட்பட்பட்.

"ஐயோ, என் பாவு!"

சிவப்பு மூக்கும் காது வரை சிரிப்புமாகக் கந்தசாமி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தறியை நோக்கிப் பாய்ந்தார். மாஸ்டரின் கண்கள் தட்டளவு விரிந்தன. அலறுவதற்கு வாய் திறந்தது. ஹேமநாத் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் பார்வையும் ஜோக்கரின் கண்ணை விட்டு நகரவில்லை.

"கண்ணைப் பாருங்க மாமா. நம்ம கந்தசாமி அண்ணன்தான்."

மாஸ்டர் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார். ஓடவில்லை. பதினோரு இழைகளையும் ஜோக்கர் ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டுப் பிணைத்து முடிக்கும்வரை, மாமனாரும் மாப்பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு குழியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தக் கடைசிக் காட்சியை நான் எங்கிருந்து பார்த்தேன் என்று கேட்பீர்கள். கந்தசாமி பாய்ந்தாரே, அந்த விநாடியே எதிர் ஜூஸ் கடைக்கு வந்துவிட்டேன். கண்ணாடி வழியாக எல்லாம் நன்றாகத் தெரிந்தது; பேச்சு மட்டும் அக்கா பிறகு சொன்னது. சற்று நேரத்தில் பரிமளா அக்கா ரோட்டைக் கடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. இரண்டு சாத்துக்குடி ஜூஸ் சொல்லிவிட்டு, என் டம்ளரைக் கையில் கொடுத்து, அது நடுங்காமல் நிற்கும்வரை பிடித்துக்கொண்டார்.